வரைபடத்தில் இல்லாத பதினேழு இடங்கள்

எங்கள் அலுவலகத்தின் வரைபடப் பிரிவை மூடப் போகிறார்கள். செயற்கைக்கோள் எடுத்த படத்தைக் கணினிக்குக் கொடுத்தால் பாதையும் கூரையும் ஆற்றுப்படுகையும் தானாக வரைந்து வந்துவிடுகின்றன. சரிபார்க்க ஒருவர் போதும். அந்த ஒருவர் அபிராமி. ஹனோவரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தாய் தகப்பன் சாவகச்சேரி. நான் ஓய்வுபெற்றபோது என் மேசைக்கு வந்தவள்.

பிரிவை மூடும் நாளில் ஒரு சிறு நூல் வெளியிடுகிறார்களாம். பழைய ஆட்கள் ஒவ்வொருவரும் தங்கள் வேலைக்காலத்தைப் பற்றிச் சில பக்கம் எழுதித் தரவேண்டும் என்று தொலைபேசியில் சொன்னாள். டொய்ச்சில், ஜேர்மன் மொழியில், எழுதினால் எனக்கு அறிக்கைதான் வரும், வேறொன்றும் வராது என்றேன்.

“அப்ப தமிழில எழுதுங்கோ அங்கிள், நான் மாத்திறன். கராஸைப் பற்றி எழுதுங்கோ. எங்கட ஒபிஸில இருந்து அங்க போனது நீங்கள் மட்டும்தானே.”

சரி என்று சொல்லிவிட்டேன். அவள் வேறு எதைக் கேட்டிருந்தாலும் இவ்வளவு நாள் எடுத்திருக்காது.

படித்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எண்பதுகளின் நடுவில் கிழக்கு பேர்லின் வழியாக வந்தேன். அகதி முகாமில் இருந்தேன், உணவகத்தில் கோப்பை கழுவினேன். ஊரில் உயர்தரத்தில் புவியியல் படித்திருந்ததையும் என் கையெழுத்து அழகாக இருந்ததையும் பார்த்து, வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பெண்மணி ஒருவர் வரைபடம் வரையும் அவுஸ்பில்டுங்குக்கு, அதாவது தொழிற்பயிற்சிக்கு, என்னை அனுப்பினார். மூன்று வருடம். மைப்பேனாவால் நூல் போன்ற கோடு இழுக்கப் பழகினேன். அது முடிந்து நான் போய்ச் சேர்ந்த இடம், பாலை நாடுகளில் நிலத்தடி நீர், துறைமுகம், சுரங்கம் என்று ஆய்வு செய்யும் ஒரு பொறியியல் நிறுவனம். கடைசிவரை அங்கேயே இருந்தேன்.

எங்கள் பிரிவின் தலைவர் ஹெர் லோமான். இருபத்தைந்து வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. வியாழக்கிழமை தோறும் பத்து மணிக்கு, வரைந்து முடித்த தாள்களை அவருடைய மேசையில் விரித்து வைக்கவேண்டும். கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். உருப்பெருக்கிக் கண்ணாடியை வடமேற்கு மூலையில் வைத்து, நாங்கள் புத்தகம் வாசிப்பதுபோல இடமிருந்து வலமாக, வரி வரியாக இறங்கி வருவார். சந்தேகம் வந்த இடத்தில் நீலப் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி. தவறு என்று ஒருபோதும் போடமாட்டார். அந்தக் கேள்விக்குறிக்கு நாங்கள் ஆதாரத்தோடு போய்ப் பதில் சொல்லவேண்டும். “அப்படித்தான் இருக்கும்” என்று சொன்னால் மறுபடியும் அதே இடத்தில் கேள்விக்குறி விழும்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம், அரபு நாடொன்றின் தாளில் ஒரு கிணற்றை இரண்டு மில்லிமீற்றர் தள்ளிப் போட்டுவிட்டேன். லோமானின் கண்ணுக்கும் தப்பி, தாள்கள் அச்சாகி, கட்டுக் கட்டாக வாசலுக்கு வந்த பிறகு நானே கண்டுபிடித்தேன். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் அளவுகோலை வைத்து அளந்தார். நிலத்தில் இருநூறு மீற்றர். அன்றே எல்லாத் தாள்களையும் அழித்துவிட்டு மறுபடி அச்சிடச் சொன்னார். அவ்வளவு தேவையா என்று நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து கேட்டபோது, அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் தாகத்தோடு அங்கே போய் நிற்பான் என்று மட்டும் சொன்னார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த மனிதர் காட்டிய பக்கம் நான் போவேன் என்று ஆகிவிட்டது.

இனிக் கராஸ். நமீபியாவின் தெற்கு மாகாணம். மேற்கே அத்லாந்திக் சமுத்திரம். கரையை ஒட்டிக் குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. அதனால் மீனும் சிங்கிறாலும் நிறைய, மழை மட்டும் இல்லை. காலையில் கடலிலிருந்து மூடுபனி எழும்பி வந்து மணலை நனைத்துவிட்டுப் போகும். அதைக் குடித்துத்தான் அங்கே செடியும் வண்டும் உயிர் வாழ்கின்றன. மத்தியானத்துக்குப் பிறகு தெற்கிலிருந்து காற்று. வாகனத்தின் வர்ணத்தை உரித்துவிடும் காற்று அது. கரையில் லூடெரிட்ஸ் என்று ஒரேயொரு பட்டினம்; பாறை மேல் கிறிஸ்தவக் கோயில், டொய்ச் பெயர் எழுதிய வீதிகள். நான் போனபோது அங்கே ஒரு பேக்கரியில் அப்பிள் கேக் விற்ற கிழவி, என்னுடைய டொய்ச்சைக் கேட்டு, எந்த ஊர் என்று விசாரித்தார். ஹனோவர் என்றேன். ஹனோவரிலிருந்து வருகிறேன் என்று சொல்லி மேற்கொண்டு கேள்வி வராத இடம் உலகத்திலேயே எனக்கு அது ஒன்றுதான்.

அந்த மாகாணத்தின் செல்வமும் சாவும் ஒரே தண்டவாளத்தில் வந்தவை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஜேர்மன் குடியேற்ற நாடு. நிலத்துக்காகப் போராடிய நாமா, ஹெரேரோ மக்களை ஜேர்மன் படை அழித்தது. மிஞ்சியவர்களைக் கரைக்குக் கொண்டுவந்து முகாமில் அடைத்தது. அந்தக் கைதிகளை வைத்துத்தான் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு ரயில்பாதை போட்டார்கள். குளிரிலும் பசியிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பாதை போட்டுக் கொஞ்ச நாளில், தண்டவாளத்தில் மணல் தள்ளிக்கொண்டிருந்த ஒரு கூலியாளின் கண்ணில் வைரம் பட்டது. உடனே அந்தக் கரை முழுவதையும் வேலி போட்டுத் தடைசெய்தார்கள். அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. போனவர் குனிந்து ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கவும் முடியாது. அந்த மண்ணில் தகப்பனையும் பாட்டனையும் விட்டவர்களுக்கும் அதே சட்டம்தான். வைரத்துக்குப் போட்ட வேலி பிணங்களுக்கும் வேலியாகிவிட்டது.

இதையெல்லாம் போவதற்கு முன் நான் அறிந்திருக்கவில்லை. எங்களுக்கு வந்த வேலை சாதாரணமானது. கடல்நீரைக் குடிநீராக்கி உள்நாட்டுச் சுரங்கம் ஒன்றுக்குக் கொண்டுபோக ஒரு குழாய். அது போகும் வழியை வரைந்து கொடுக்கவேண்டும். பழைய ரயில்பாதைப் பொறியியலாளர் ஒருவரின் கையால் வரைந்த தாள்கள் கிடைத்தன. அவற்றைக் கணினியில் ஏற்றி, இன்றும் அசையாமல் இருக்கும் இடங்களை, அதாவது கோயில் கோபுரத்தை, பழைய தண்ணீர்த் தாங்கியின் அடித்தளத்தை, பாதையின் வளைவுகளைப் பிடித்து, இன்றைய நிலத்தோடு பொருத்தினேன். பொருந்தியது. பாதையின் தெற்கே ஒரு பள்ளத்தில் பதினேழு சின்னச் சிலுவைகள் இருந்தன. பக்கத்தில் ‘கிர்.’ என்று சுருக்கிய இரண்டு டொய்ச் எழுத்து.

வியாழக்கிழமை லோமான் அதன்மேல் நீலக் கேள்விக்குறி போட்டார். அந்த இரண்டு எழுத்துக்கு ‘கிராபன்’, அதாவது வாய்க்கால் என்றும் பொருள் வரும். ‘கிரேபர்’, கல்லறைகள் என்றும் வரும். சிலுவைக் குறியை அளவெடுத்த புள்ளிகளுக்கும் போடுவதுண்டு. வாய்க்கால் என்றால் எப்போதாவது வெள்ளம் வந்து குழாயை அரிக்கலாம். போய்ப் பார்த்து வாருங்கள் என்று என்னை அனுப்பினார்.

அங்கே எனக்கு வாகனம் ஓட்டியவர் பேத்ருஸ். நாமா இனத்தவர், அறுபது வயதிருக்கும், மீன் ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவருக்குத் தெரிந்த டொய்ச்சும் எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் எங்களுக்குப் போதுமாக இருந்தன. தடைசெய்த பகுதிக்குள் போக எனக்குக் கிடைத்த அனுமதியில் ஓட்டுநரின் பெயரும் இருந்தது. பிறந்ததிலிருந்து அந்த வேலிக்கு வெளியே வாழ்ந்தவர் அன்றுதான் முதன்முதலாக உள்ளே வந்தார். வாசலில் காவலாளி எங்கள் சப்பாத்துகளைத் தட்டிப் பார்த்து உள்ளே விட்டார்.

பள்ளத்தில் வாய்க்கால் இல்லை. கறுத்த கற்களை நீளவாக்கில் அடுக்கிய மேடுகள் இருந்தன. பதினேழையும் கண்டுபிடிக்க இரண்டு நாள் எடுத்தது. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் கருவியை நிறுத்தி, இடத்தைக் காட்டும் எண்கள் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, குறிப்பேட்டில் பென்சிலால் எழுதினேன். மூன்று இடங்களில் காற்று மணலைத் தின்றுவிட்டிருந்தது. எலும்புகள் வெளியே கிடந்தன. ஒன்றல்ல, ஒரு குழிக்குள் பலருடையவை. ஒரு மணிக்கட்டைச் சுற்றி இரும்பு வளையம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது.

பேத்ருஸ் தொப்பியைக் கழற்றினார். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும் போலிருந்ததால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்தபடி நின்றார். அவருடைய பாட்டனின் தகப்பனை இந்த ரயில்பாதைக்குக் கொண்டுவந்தார்களாம். திரும்பி வரவில்லை. வீட்டில் பெயர் மட்டும் இருக்கிறது என்றார்.

அவர் கேட்காமலே என் அண்ணையைப் பற்றி அவரிடம் சொன்னேன். வேறு யாரிடமும் நான் அதைச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. அண்ணை வன்னியில் போரில் இறந்தவர். புதைத்த இடத்தில் கல் நாட்டியிருந்தோம். போர் முடிந்த பிறகு அந்த மயானத்தை இடித்து மட்டமாக்கிவிட்டார்கள். அம்மா சாகும்வரை அந்த இடத்தின் ஒரு படம் கேட்டார். எடுத்துக்கொடுக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியென்றால் உனக்குத் தெரியும். இதை உன் படத்தில் போடுவாயா?” என்றார்.

“போடுவேன்,” என்றேன். என் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

ஹனோவருக்கு வந்து பதினேழு இடங்களையும் ‘கல்லறைகள்’ என்று, கணினிப் படத்தின் மேல் படியும் தனி அடுக்காக வரைந்தேன். வியாழக்கிழமை லோமான் உருப்பெருக்கியோடு இறங்கி வந்து அந்தப் பள்ளத்தில் நெடுநேரம் நின்றார். நான் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேள்விக்குறி போடவில்லை. கையெழுத்திட்டு மேலே அனுப்பினார்.

இரண்டு கிழமை கழித்து அவர் என்னைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தி நான் கண்டதில்லை. குழாய்க்காரர்கள் அந்த அடுக்கு வேண்டாம் என்கிறார்கள் என்றார். கல்லறை என்று வரைபடத்தில் இருந்தால் விசாரணை வரும், வழியை மாற்றவேண்டி வரும், வேலை வருடக்கணக்கில் தள்ளிப்போகும். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வகை கேட்கப்படவுமில்லை.

நாங்கள் எலும்பைப் பார்த்தோம் என்றேன்.

“எலும்பு என்று எழுத உங்களுக்கும் எனக்கும் தகுதி இல்லை, ஹெர் தவராசா. அந்த எழுத்துகளுக்கு வாய்க்கால் என்றும் பொருள் உண்டு.”

உறுதிசெய்யப்படவில்லை என்று ஒரு வரி சேர்த்தாவது விடலாமே என்று கேட்டேன். அதையும் கேட்டுப் பார்த்தாராம். அந்த அடுக்கை எங்கள் காப்பகத்தில் வைப்போம், அழியாது என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “உங்களுக்கு விருப்பமில்லையென்றால் நானே எடுத்துவிடுகிறேன். ஆனால் களத்துக்குப் போனவர் நீங்கள். கையெழுத்து உங்களுடையதாக இருக்கவேண்டும்,” என்றார்.

அவர் என்னை மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்று சொல்லவில்லை. இதை எழுதாமல் விட்டால் அவர்மேல் முழுப் பழியையும் போட்டதாகிவிடும்.

அன்று பின்னேரம் ராணியிடம் சொன்னேன். என் மனைவி அதிகம் பேசுகிறவள் அல்ல. கறி நறுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

“எங்கட சனத்துக்கே ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு. நீங்கள் அங்க ஆருக்கோ செய்யப் போறியளோ?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “இந்த வயசில இனி உங்களை ஆர் வேலைக்கு எடுப்பினம்?” என்றாள்.

அவள் பயத்தில் சொன்னாள். அந்தப் பயம் எனக்குள்ளும் இருந்தது. அவள் வாயால் வந்ததும் அது நியாயம் போலத் தெரிந்தது. மறுநாள் காலையில் கணினியில் அந்த அடுக்கைத் திறந்தேன். பதினேழு பொருட்கள் நீக்கப்படும், சம்மதமா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். பள்ளம் வெறும் மணலாகத் தெரிந்தது. கீழே வலது மூலையில், களத்தில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டேன்.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. பேத்ருஸ் சொல்ல, தாதியாக வேலை பார்க்கும் அவருடைய மகள் மார்த்தா எழுதியிருந்தாள். உள்ளே ஒரு படம்: நேரான நீண்ட அகழி, பக்கத்தில் மண் வெட்டும் இயந்திரம், அள்ளிக் குவித்த மண். அந்த மண்ணில் எலும்புகள் இருந்ததாகத் தோண்டிய ஒரு பையன் வந்து சொன்னானாம். பேத்ருஸ் வேலிவாசலுக்குப் போய் நின்று கேட்டிருக்கிறார். மேற்பார்வையாளர் என் வரைபடத்தை எடுத்து வந்து வாகனத்தின் முன்பக்கத்தில் விரித்துக் காட்டியிருக்கிறார். அங்கே ஒன்றும் இல்லை, நீயே பார் என்றிருக்கிறார். கடிதத்தின் கடைசியில், எங்கோ தவறு நடந்திருக்கிறது, உன்னிடம் உள்ள எண்களை அனுப்பினால் மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று எழுதியிருந்தது.

அதை லோமானிடம் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு முறை வாசித்தார். முகம் சாம்பல் நிறமாகியது. பதில் எழுதவேண்டாம், எழுதினால் அது ஒப்புதலாகிவிடும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அந்த வருடமே ஓய்வுபெற்றுப் போனார். விடைபெறும்போது எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது அவர் இல்லை.

அவர் போன பிறகு என்னைத் தடுக்க யாரும் இருக்கவில்லை. எண்கள் எழுதிய குறிப்பேடு நாலு அடி தள்ளி அலுமாரியில் இருந்தது. எடுத்து ஒரு தாளில் எழுதி முத்திரை ஒட்ட ஒரு பின்னேரம் போதும். நாளைக்கு, ஓய்வுபெற்ற பிறகு என்று தள்ளிப்போட்டேன். ஓய்வுபெற்ற நாளில் விதிப்படி குறிப்பேடுகளையெல்லாம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். அந்த மனிதர் கேட்டது ஒரு தாள். ஒன்பது வருடம் நான் அதைச் செய்யவில்லை.

அபிராமி கராஸைப் பற்றி எழுதச் சொன்ன பிறகு, காப்பகத்தில் அந்த அடுக்கைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் தேடினாள்.

“குடுத்தனுப்பின பதிப்பு மட்டும்தான் அங்கிள் இருக்கு. பழைய குறிப்பேடுகளை எறிஞ்சு போட்டினமாம். என்னத்தைத் தேடுறீங்கள்?”

சொன்னேன். முழுவதையும் சொன்னேன்.

“நீங்களே எடுத்தனீங்களோ?”

“ஓம்.”

ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. அவள் சொல்லவில்லை. “அப்ப இதையும் எழுதுங்கோ,” என்றாள்.

சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாளை விரித்து ஞாபகத்தில் வரைந்து பார்த்தேன். ரயில்பாதையின் வளைவு, தண்ணீர்த் தாங்கி, பள்ளத்தின் விளிம்பு வந்தன. பதினேழில் நான்கை வைக்க முடிந்தது. மற்றவை அசைந்துகொண்டே இருந்தன. ஒன்றை இங்கே வைத்தால் இன்னொன்று அங்கே போனது. அந்த நான்கும்கூட நூறு மீற்றர் அங்கே இங்கே இருக்கலாம். காற்று நடத்தும் மணலில் நூறு மீற்றர் என்பது வேறு இடம். ஆனாலும் அதை மார்த்தாவுக்கு அனுப்பினேன். அந்த அடுக்கை யார் எடுத்தது, எப்படி எடுத்தது, ஏன் பதில் எழுதவில்லை என்பதையும் மறைக்காமல் ஆங்கிலத்தில் எழுதினேன்.

சென்ற கிழமை அவளுடைய பதில் வந்தது. தகப்பன் இறந்து மூன்று குளிர்காலம் போய்விட்டதாம். நான்கு இடங்களையும் பார்க்க அனுமதி கேட்டாளாம்; கிடைக்கவில்லை. அதன் பிறகு எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்:

“அப்பா கடைசிவரை உங்களை நம்பினார். அந்த மனிதன் போட்டிருப்பான், வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்றே எல்லோரிடமும் சொன்னார். தன் அண்ணனின் கல்லறையைப் பறிகொடுத்தவன் அதைச் செய்யமாட்டான் என்பார். உங்கள் கடிதம் அவர் உயிரோடு இருக்கும்போது வரவில்லை. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.”

அபிராமி, இதை டொய்ச்சில் மாற்றும்போது ஒன்றையும் எடுத்துவிடாதேங்கோ.